ஆறடி இரண்டு அங்குலம்

அன்று மீனவர் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வடக்குச் சுவரோரம், மேசைக்குப் பின்னால், சங்கத்தின் செயலாளர் உதயரூபனாகிய நான். எனக்கு எதிரே, கைப்பிடி உள்ள ஒரே கதிரையில் டொக்டர் றமீஸா. ஓட்டமாவடிப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் சட்ட மருத்துவம் படிப்பிப்பவர். யன்னலோர வாங்கில் ஞானமணி, அவளுக்குப் பக்கத்தில் மகள் விதுசா. வாசலுக்குக் கிட்ட, கவிழ்த்து வைத்த மீன் பெட்டியில் உசனார் காக்கா. முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் துறையில் மீன் எடுத்து விற்கிறவர். முழங்கால் மடியாது என்பதால் அந்த உயரம்தான் அவருக்குத் தோது. கதிரை கொடுத்தாலும் வேண்டாம் என்பார்.

பேச்சு முழுவதும் ஆறாவது ஆளைப் பற்றியது. ஞானமணியின் புருசன் இராசதுரை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். 2004 மார்கழி 26ஆம் திகதி காலையில் இரண்டு கோர்வை நண்டோடு கடற்கரைப் பக்கம் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போனான். ஒன்பது மணிக்குப் பிறகு சுனாமி வந்தது. ஆள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. விதுசாவுக்கு அப்போது மூன்று வயது.

டொக்டர் தன் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் போன முறை ஃபோன்ல சொன்னதைத்தான் திரும்பச் சொல்லுறன், எல்லாருக்கும் விளங்கட்டும்" என்று தொடங்கினார்.

போன வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய களஞ்சிய அறையைத் துப்புரவாக்கியபோது ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. சுனாமிக்கு அடுத்த நாட்களில் அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் அட்டைகள் அதற்குள் இருந்தன. யாரோ ஒரு பொலிஸ்காரர், அந்த நெருக்கடிக்குள்ளும், ஒவ்வொருவரின் வலது கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மையில் தொட்டு அட்டையில் பதித்திருந்தார். பக்கத்தில் உடுத்திருந்த உடுப்பும், வைத்த குழியின் இலக்கமும். மொத்தம் முப்பத்தொரு அட்டை. கூடவே இருந்த படங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. உயரம் ஒன்றிலும் எழுதப்படவில்லை. எழுத நேரம் இருந்திருக்காது.

"விரல் அடையாளம் இருந்தா ஆளைப் புடிக்கலாம்தானே? பொலிசில அப்பிடித்தானே செய்யிற" என்றார் உசனார் காக்கா.

"அவர்ர அடையாளம் வேற எங்கயாவது இருந்தாத்தான் காக்கா ரெண்டையும் ஒப்பிடலாம். அந்தக் காலத்து அடையாள அட்டைக்கு விரல் பதிக்கல்ல. காணி உறுதி, கடன் பத்திரம், ஏதாவதுல பெருவிரல் வெச்சிருக்காரா?"

"இராசதுரை ஏ.எல். வரைக்கும் படிச்சவன். எல்லாத்துக்கும் கையெழுத்துத்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாக. சொன்ன பிறகுதான் அந்தப் படிப்பு இப்போது எவ்வளவு இடைஞ்சல் என்று விளங்கியது.

அதனால்தான் டொக்டர் வேறு வழி தேடியிருந்தார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் அடையாளத்தின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று அளந்தால், ஆளின் உயரத்தைக் கிட்டத்தட்டச் சொல்லலாமாம். நீண்ட ஆளுக்கு நீண்ட எலும்பு, நீண்ட எலும்புக்கு நீண்ட விரல். ஆனால் வெளிநாட்டுக்காரரின் கணக்கு எங்கள் சனத்துக்குப் பொருந்தாது என்று, கரடியனாற்றிலிருந்து கரையோரம் வரை முந்நூற்று நாற்பது பேரின் விரலையும் உயரத்தையும் அவரே அளந்து ஒரு சூத்திரம் செய்திருந்தார்.

"ஆனா ஒண்டு" என்று விரலை உயர்த்தினார். "ரெண்டு இஞ்சி கூடலாம், ரெண்டு இஞ்சி குறையலாம். தண்ணிக்க கிடந்த விரல் ஊறியும் இருக்கும். இவர்தான் எண்டு இது சொல்லாது. இவரா இருக்க ஏலாது எண்டு சிலபேரை ஒதுக்கி வைக்கத்தான் உதவும். டி.என்.ஏ. பார்த்தா, மிச்சத்தை எலும்பும் மகள்ர எச்சிலும் சொல்லும்."

எலும்பு சொல்ல வேண்டுமானால் குழியைத் திறக்க வேண்டும். அதற்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்திருந்தது. ஒரு விண்ணப்பகாரருக்கு ஒரு குழி மட்டும். தேடுகிறவர்கள் நூற்றுக்கு மேல். ஆளுக்காள் எல்லாக் குழியையும் கிண்டச் சொன்னால் மயானம் மயானமாக இராது என்று நீதவான் சொன்னாராம். எந்தக் குழி என்று எழுதி, காரணம் காட்டி, அன்றைய திகதி முத்திரையோடு பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்; அதுதான் கடைசி நாள். எங்கள் தபால் கந்தோர் நாலு மணிக்கு மூடும்.

ஞானமணிக்குத் தெரிந்தது, இராசதுரை நீலச் சாரன் உடுத்திக்கொண்டு போனான் என்பது மட்டும். நீலச் சாரன் அட்டைகள் மூன்று: ஒன்பது, பதினேழு, இருபத்தாறு. சூத்திரப்படி ஒன்பதாம் ஆள் ஐந்தடி ஓர் அங்குலம். பதினேழாம் ஆள் ஐந்தடி ஆறு. இருபத்தாறாம் ஆள் ஆறடிக்கு மேல்.

"2005ல நீங்க குடுத்த காணாமல்போனோர் படிவத்துல ஆறடி ரெண்டு இஞ்சி எண்டு இருக்கு. அதை வெச்சுப் பார்த்தா இருபத்தாறுதான்" என்றார் டொக்டர்.

"அப்ப முடிஞ்சுதானே" என்றாள் விதுசா. அவள் நாவற்குடாவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அன்று லீவு போட்டு வந்திருந்தாள். "எழுதி அனுப்புவம் மாமா."

நானும் பேனை மூடியைக் கழற்றிவிட்டேன்.

"ஒரு நிமிசம்" என்றார் டொக்டர். "நான் அளந்த முந்நூற்று நாப்பது பேர்ல, ஆறடிக்கு மேல எத்தினை பேர் தெரியுமா? நாலு பேர். அதனாலதான் நேர்ல வந்தன். இந்த ஆறடி ரெண்டு இஞ்சியை ஆர் அளந்தது?"

எல்லாரும் ஒன்றாகப் பேசினோம்.

இராசதுரையைக் 'கொக்கன்' என்றுதான் துறையில் கூப்பிடுவார்கள். உசனார் காக்கா பெட்டியிலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்: "எனக்கு மேல ஒரு சாண். மனிசன் வந்து நிண்டா என்ட மோட்டார் சைக்கிளுக்கு வெயில் படாது."

டொக்டர் அளவு நாடாவை எடுத்தார். காக்காவை எழுப்பிச் சுவரோடு நிறுத்தினார்.

"நிமிர்ந்து நில்லுங்க காக்கா."

"இதுதான் மகள் என்ட நிமிர்வு."

ஐந்தடி மூன்று. ஒரு சாணைக் கூட்டினால் ஆறடி. ஆனால் அந்தச் சாண் காக்கா இருந்துகொண்டு கண்டதா, நின்றுகொண்டு கண்டதா என்று டொக்டர் கேட்டபோது அவர் தாடியைச் சொறிந்தார். "நான் எப்பயும் இருந்துகொண்டுதான் மீன் நிறுக்கிற. முழங்கால் அப்பவே சரியில்லையே."

விதுசா தன் ஒரே ஞாபகத்தைச் சொன்னாள். "அப்பாட தோள்ல ஏறி இருந்தா கோயில் மதிலுக்கு அங்கால ஆறு தெரியும். எல்லாரும் எனக்குக் கீழ. அது மட்டும் நல்லா நினைவிருக்கு."

வாவியை எங்கள் பேச்சில் ஆறு என்போம்.

"அந்த மதில் என்ட நெஞ்சளவுதான் மகள்" என்றாள் ஞானமணி மெதுவாக. "நான் தூக்கினாலும் உனக்கு ஆறு தெரிஞ்சிருக்கும்."

"உங்களுக்கு அவர் எவ்வளவு உசரமாத் தெரிஞ்சார்?" என்று டொக்டர் கேட்டார்.

"எனக்கா? நான் நாலடி பத்து. எனக்கு எல்லாரும் உசரம்தான் மிஸ்."

காக்கா சிரித்தார். டொக்டரும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் தலைக்கு மேலே சுவரில், கண்ணாடி போட்டு, சங்கத்தின் பழைய கடிதம் ஒன்றின் பிரதி தொங்குகிறது. அதில் அவருடைய கண் போயிருந்தது. 'ஆறடி இரண்டு அங்குல உயரமுள்ள எமது அங்கத்தவர் திரு. இராசதுரை அவர்கள்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

"இது நீங்க எழுதினதா?"

"ஓம். 1999. அளந்ததும் நான்தான்."

அந்தக் கதையைச் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். 1999 கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை ஏற்றி வந்த தோணி, அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவில் காற்றில் கவிழ்ந்தது. இராசதுரை பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டு நின்றான். நீந்திப் போனவன், கவிழ்ந்த தோணிக்குப் பக்கத்தில் காலூன்றி நின்றுவிட்டான். இரண்டு பிள்ளைகள் தோளில். மூன்று பேர் தோணியைப் பிடித்துக்கொண்டு. தோணியை அவன் பிடித்துக்கொண்டு. கரையிலிருந்து நாங்கள் மற்றத் தோணிகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அசையாமல் நின்றான். தண்ணீர் சரியாக அவன் முலைக்காம்பு மட்டத்தில் நின்றது. நான் கிட்டப் போன முதல் தோணியில் இருந்தேன், கண்ணால் கண்டேன்.

"என்னடா மச்சான், கடிதம் எழுதக் கொப்பியும் கொண்டு வந்தியோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். உதடு நீலமாக இருந்தது. பிள்ளைகள் பயந்து அழாமலிருக்க, அதுவரை பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டு நின்றானாம். ஏழாம் வாய்ப்பாட்டில் அவனே பிழை விட, தோளில் இருந்த பிள்ளை திருத்தியதாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான்.

அவனுக்கு ஒரு வீரப் பதக்கம் கேட்டு எழுத வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. எங்கள் ஊர் மகா வித்தியாலயத்தில் எனக்குக் கடிதம் எழுதப் பழக்கிய முறை ஒன்று உண்டு: இடம், திகதி, விடயம், பிறகு இலக்கங்கள். இலக்கம் இல்லாத விண்ணப்பத்தை மேசையில் இருப்பவன் திருப்பிப் பாரான். ஆகவே, நடு ஆற்றில் நின்றான் என்று வெறுமனே எழுத எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு ஆழத்தில் நின்றான் என்று காட்ட வேண்டும். 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோணியில் அதே இடத்துக்குப் போய்க் கம்பு விட்டு அளந்தேன். நாலடி ஆறு அங்குலம். பிறகு வீட்டில் என்னை நானே அளந்தேன். நிலத்திலிருந்து என் முலைக்காம்பு மட்டம் நாலடி. என் உயரம் ஐந்தடி ஆறு. அந்த விகிதப்படி, நாலடி ஆறு அங்குலத் தண்ணீர் நெஞ்சுக்கு வரும் ஆள் ஆறடி இரண்டு அங்குலம் இருக்க வேண்டும்.

விடை வந்தபோது எனக்கே அதிசயமாகத்தான் இருந்தது. இரண்டு தரம் சரிபார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

பதக்கம் வரவில்லை. பதில்கூட வரவில்லை. உயரம் மட்டும் வந்தது. கூட்டத்தில் கடிதத்தை வாசித்தபோது எல்லாரும் இராசதுரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தான். அந்தக் கிழமையிலிருந்துதான் கொக்கன் என்ற பெயர். 2005இல், ஞானமணி வாய் திறக்காமல் கிடந்த காலத்தில், காணாமல்போனோர் படிவத்தை அவளுக்காக நிரப்பியதும் நான்தான். உயரம் என்ற கட்டத்தில் யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை; சுவரைப் பார்த்து எழுதினேன்.

நான் சொல்லி முடித்தபோது டொக்டர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். "முறை நல்ல முறைதான் சேர். நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யிறன், நீங்க தண்ணியால, நான் விரலால" என்றார்.

எனக்கு உள்ளே குளிர்ந்தது. பேனையை எடுத்து 'இருபத்தாறு' என்று எழுதப்போனேன்.

"அண்ணன்" என்றாள் ஞானமணி. "நீங்க கம்பு விட்டு அளந்தது, அண்டைக்கா?"

"எண்டைக்கு?"

"நான் உங்களுக்குத் தோணி தள்ளின அண்டைக்கு."

மறந்தே போயிருந்தேன். அவளேதான். இராசதுரை காய்ச்சலில் படுத்திருந்ததால், ஞானமணியின் தோணியில்தான் போனேன்.

"அதே நாள்தான். ஏன்?"

"நீங்க முகத்துவாரம் வெட்டச் சொல்லி கச்சேரிக்கு எழுதத்தான் அளக்கிறயள் எண்டு நான் நினைச்சன். அவர்ர உசரத்துக்கெண்டு ஒரு சொல்லும் சொல்லல்லயே." அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க அளந்த அண்டைக்கு எங்கட அடுப்புக்க தண்ணி. நான் மேசைக்கு மேல மூணு கல்லு வெச்சு அதில அவருக்குக் கஞ்சி காய்ச்சிப்போட்டுத்தான் உங்களோட வந்தனான். தோணி கவிண்ட அண்டைக்கு அடுப்படி காய்ஞ்சு கிடந்திச்சு. நான் அண்டைக்கு இடுப்பளவு தண்ணிக்க இறால் தடவினனான். மறுகா ஒரு கிழமைக்கு இறங்க ஏலாமப் போச்சு."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. உசனார் காக்காவுக்கு உடனே விளங்கியது.

"அல்லாஹ்!" என்றார். "அந்த முறை என்ட மோட்டார் சைக்கிள் சைலன்சருக்க தண்ணி போனதே. அஞ்சாறு நாள் வீட்டில கிடந்தனான். முகத்துவாரம் வெட்டின பிறகுதான் ஆறு இறங்கினது."

வாவிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. மழைக் காலத்தில் வாவியின் கடல் வாயாகிய முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும். ஆறுகளும் குளங்களும் வாவிக்குள் வந்து விழ, தண்ணீர் நாளுக்கு நாள் ஏறும். வயல் வட்டைகளில் வேளாண்மை மூழ்கும். நாங்கள் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு எழுதுவோம். கடைசியில் முகத்துவாரத்தை வெட்டிவிட, தண்ணீர் கடலுக்கு ஓடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே நான் ஒன்பது நாள் கழித்துப் போய் அளந்தேன்.

எழுந்து அலுமாரியைத் திறந்தேன். ஒரு விடயத்துக்கு ஒரு கோப்பு என்பது என் ஒழுங்கு. 1999 அடுக்கில் 'வீரப் பதக்கம்' ஒரு கோப்பு. அதற்கு இரண்டு கோப்பு தள்ளி 'முகத்துவாரம்'. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரே தட்டில் இருந்தவை. ஒன்றுக்குப் பக்கத்தில் மற்றதை நான் ஒருநாளும் விரித்துப் பார்க்கவில்லை.

முகத்துவாரக் கோப்பில், 22ஆம் திகதியிட்ட என் மனுவின் பிரதி. வாசித்தேன்.

"'இம்மாதம் பன்னிரண்டாம் திகதி முதல் இருபத்தோராம் திகதி வரையான காலப்பகுதியில், எமது துறையின் அளவுத் தூணில் நீர்மட்டம் ஆறு அங்குலம் உயர்ந்துள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.'"

டொக்டர் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

நாலடி ஆறு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம் கழித்தால் நாலடி. நாலடித் தண்ணீர் நெஞ்சுக்கு வரும் ஆள் எவ்வளவு உயரம் என்று பெருக்கிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அது நான். என் உயரம்.

"ஐந்தடி ஆறு" என்றேன்.

"சும்மா கிடந்த மனிசனை எட்டு இஞ்சி இழுத்துப்போட்டிருக்காய் செக்கரட்டரி" என்றார் காக்கா. பகிடியாகத் தொடங்கிய குரல் பகிடியாக முடியவில்லை.

"இல்ல" என்றாள் விதுசா. கண் கலங்கியிருந்தது. "அது எப்பிடி மாமா? எல்லாரும் பொய்யா சொல்லியிருப்பாங்க? அப்பா உசரம். அம்மா, நீங்க சொல்லுங்க."

ஞானமணி மகளின் தோளில் கையை வைத்தாள். எனக்கோ ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வரத் தொடங்கிவிட்டது. பாடசாலையில் உடற்பயிற்சிக்கு உயரப்படி வரிசை கட்டும்போது எனக்கு அடுத்த ஆள் எப்போதும் இராசதுரை. ஒருநாள் நான் முன்னுக்கு, ஒருநாள் அவன் முன்னுக்கு. மாஸ்டருக்கே தீர்க்க முடியாமல் இருந்தது. 1985இல் வகுப்புப் படம் எடுத்தபோது அவனிடம் நீளக் காற்சட்டை இல்லை. எங்கள் வகுப்பில் கணிதப் பிரிவுக்கு முதலில் படம், வர்த்தகப் பிரிவுக்குப் பிறகு. கணிதப் பிரிவில் நான் என் காற்சட்டையோடு நின்று படமெடுத்துவிட்டு, விறாந்தைத் தூணுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கழற்றிக் கொடுத்தேன். வர்த்தகப் பிரிவில் அவன் அதே காற்சட்டையோடு நின்றான். மடிக்கவும் இல்லை, இழுத்துவிடவும் இல்லை. அவன் படமெடுத்து வரும்வரை நான் சாரனோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். "மச்சான், உன்ட காற்சட்டைக்கு என்னைத்தான் புடிச்சிருக்கு" என்று திருப்பித் தர மறுத்து, வேலியடி வரைக்கும் ஓட்டினான்.

இதையெல்லாம் சொன்னேன். "இவ்வளவும் எனக்குத் தெரியும் டொக்டர். ஆனா விடை வந்த பிறகு விடையைத்தான் நம்பினன். மறுகா அவனை அந்த உசரத்திலயே பார்க்கப் பழகிட்டன்."

"காற்சட்டை நல்ல சாட்சி" என்றார் டொக்டர். "தண்ணியை விட நல்லது. அவர் பிறகு வளரல்லயா?"

"பதினேழு வயசு. நானும் பிறகு வளரல்ல. கலியாணத்துக்குப் போட்ட சட்டையும் நாங்க ரெண்டு பேரும் ஒரே துணியில ஒரே அளவில தைச்சது."

டொக்டர் என்னையும் சுவரோடு நிறுத்தி அளந்தார். ஐந்தடி ஐந்தேகால். வயதுக்கு முக்கால் அங்குலம் போயிருக்கும் என்றார்.

நான் சுவரை விட்டு விலகப் போனேன்.

"அண்ணன், கொஞ்சம் அப்பிடியே நில்லுங்க" என்றாள் ஞானமணி.

வாங்கிலிருந்து எழுந்து வந்தாள். எனக்கு முன்னால் ஒரு முழம் விட்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் முகம் இருந்த உயரத்தைப் பார்த்தாள். நாடியைக் கொஞ்சம் தூக்கினாள். அதிகம் தூக்க வேண்டியிருக்கவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இருபது வருடமாக இந்தப் பெண்ணுக்கு எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு உதவி கேட்டதில்லை.

வெளியே துறையில் யாரோ தோணியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை.

"ஓம்" என்றாள் கடைசியில். "இவ்வளவுதான். சண்டை புடிக்கக்குள்ள இப்பிடித்தான் பார்க்கிற. கழுத்து நோகாது." பிறகு மகளிடம் திரும்பினாள். "வா புள்ள. வந்து பார். உன்ட அப்பா இவ்வளவுதான் உசரம்."

விதுசா வரமாட்டேன் என்று தலையாட்டினாள். பிறகு வந்தாள். தாயைவிட அவள் உயரம், எனக்குக் காதளவு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப நான் அப்பாட பக்கம்தான் போயிருக்கன்" என்றாள்.

"மூக்கும் அந்தாள்ர மூக்குத்தான். அதுக்கு ஆரும் கம்பு விட்டு அளக்கத் தேவையில்ல" என்றார் காக்கா.

டொக்டர் தன் கோப்பைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"வேணாம் சேர். என்ட கையால போனா, நான் சொல்லித் தந்த உசரம் எண்டு வரும். நான் இப்ப வெளிக்கிடுறன். நீங்களாத் தீர்மானிச்சு எழுதுங்க." வாசலில் நின்று திரும்பினார். "பதினேழைத் திறந்தாலும் அவரா இருக்கணும் எண்டு இல்ல. நீலச் சாரன் இல்லாமலும் ஆள் வந்திருக்கலாம். அதையும் மனசுல வெச்சுக்கொள்ளுங்க அக்கா."

"தெரியும் மிஸ்" என்றாள் ஞானமணி. "ஆனா அவரில்லாத குழியை அவரெண்டு சொல்லித் திறக்கமாட்டன். அது வேற ஒரு பொம்புளையிட ஆள்."

டொக்டர் போன பிறகு எழுதத் தொடங்கினேன். மணி இரண்டரை. இடம். திகதி. விடயம்: பதினேழாம் இலக்கக் குழியைத் திறந்து பரிசோதிக்க வேண்டுதல். பழைய படிவத்தில் கொடுத்த உயரம் ஏன் பிழை என்பதைப் பத்தி பத்தியாக விளக்கினேன். 12ஆம் திகதி, 21ஆம் திகதி, ஆறு அங்குலம், நாலடி. இரண்டு கோப்பிலிருந்தும் பிரதிகளை இணைத்தேன். காற்சட்டைக் கதையை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதினேன், 'விண்ணப்பகாரரின் கணவரும் கீழே ஒப்பமிடும் சாட்சியும் ஒரே அளவான உடையை அணிந்தவர்கள்' என்று மூன்று வரியில். அந்த மூன்று வரிக்குத்தான் அதிக நேரம் போனது.

கடைசிப் பத்தியில், 'மேற்படி தவறு முழுமையாகச் செயலாளராகிய என்னுடையது. விண்ணப்பகாரர் இதற்குப் பொறுப்பல்ல' என்று எழுதி வாசித்தபோது, ஞானமணி கையை நீட்டித் தாளைப் பிடித்தாள்.

"அதை வெட்டுங்க அண்ணன்."

"உண்மைதானே."

"நீங்க அவரைக் குறைச்சு எழுதியிருந்தாத்தான் பிழை. கூட்டித்தானே எழுதினயள்? அந்த வருசம் முழுக்க மனிசன் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சார். படலைக்குள்ள வரக்குள்ள தலையைக் குனிஞ்சு வருவார், தெரியுமா? படலைக்கு மேல ஒரு தடியும் இல்ல, ஒண்டும் இல்ல. சும்மா வெளி. ஆனாலும் குனிவார்." சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "நான் கேட்டா, ஆறடி ரெண்டு இஞ்சி ஆள் குனியாம வரலாமா எண்டு கேட்பார்."

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவன் அந்த உயரத்தை நம்பினானா, அல்லது என் கணக்குப் பிழை என்று தெரிந்துகொண்டே அவளைச் சிரிக்கவைக்கக் குனிந்தானா?

அந்தப் பத்தியை நான் வெட்டவில்லை. கடிதத்தில் உண்மை இருக்க வேண்டும் என்றேன். "சரி, உங்கட இஷ்டம். எழுத்து உங்கட" என்று விட்டுவிட்டாள். நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். 'உயரம்: ஐந்தடி ஆறு அங்குலம்' என்ற இடத்தில் விதுசா தாயின் கையைப் பிடித்தாள். ஞானமணி கையெழுத்து வைத்தாள், சாட்சியாக நான், இரண்டாம் சாட்சியாக உசனார் காக்கா, ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டுக்கொண்டு.

தபால் கந்தோருக்கு நால்வரும் போனோம். மூன்று ஐம்பதுக்கு யன்னலில் நின்றோம். உள்ளே இருந்த பிள்ளை உறையை வாங்கி நிறுத்தாள். ஒட்டியிருக்கிறதா என்று ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். ஒரு மூலை விட்டிருந்தது. பசைப் போத்தலை ஞானமணி பக்கம் தள்ளினாள். ஞானமணி விரல் நுனியால் பசை தொட்டு, மூலையை மடித்து, தன் பெருவிரலை அதன்மேல் வைத்து, பசை பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"காணும் அக்கா, தாங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

திகதி முத்திரை இரண்டு தரம் விழுந்தது. கடிதம் பைக்குள் போனது.